எட்டுக் குமிழ்கள்

பூக்கட்டும் பெண்ணை நீங்கள் கவனித்திருப்பீர்கள். மடியில் மல்லிகை, விரலிடையில் நார். கண்களோ தெருவில் போவோர் வருவோர் மேல் இருக்கும். பேச்சும் நிற்பதில்லை, கட்டுவதும் நிற்பதில்லை. வீணை வாசிப்பவர் சுருதி சேர்க்கும்போதும் அப்படித்தான். கை பிருடையைத் திருகுகிறது. கவனம் முழுவதும் காதில் இருக்கிறது. பிருடையை அவர் பார்ப்பதேயில்லை. கை தன் வேலையைத் தானே செய்துகொள்வதால், மனம் தன் வேலையைத் தடையின்றிச் செய்கிறது.

நானும் ஒரு காலத்தில் அப்படிக் கைவேலை செய்தவன்தான். புரதம் என்னும் கண்ணுக்குத் தெரியாத பொருளின் உருவைக் கணிப்பொறித் திரையில் கட்டி எழுப்புவது என் தொழில். அதற்கு எட்டுக் குமிழ்கள் கொண்ட ஒரு பெட்டி எனக்குத் துணையாய் இருந்தது. காலம் மாறியது, பெட்டி அலமாரிக்குப் போயிற்று. முப்பது ஆண்டுகள் கழித்து அதைத் தூசி தட்டி எடுத்து, இன்றைய மென்பொருளோடு பொருத்த வேண்டிய தேவை வந்தது. அந்தத் தேவைக்குக் காரணம் நான் செய்த ஒரு பிழை. அதைப் பற்றியே இங்கு எழுத முற்படுகிறேன்.

முதலில், அந்தத் தொழில் எத்தகையது என்று சொல்லிவிடுகிறேன். புரதம் என்பது ஒரு மாலை. அமினோ அமிலங்கள் எனப்படும் இருபது வகை மணிகள் அதில் ஒரு குறிப்பிட்ட வரிசையில் கோக்கப்பட்டுள்ளன. ஆனால் அந்த மாலை தளர்ந்து தொங்குவதில்லை. தனக்கே உரிய வடிவில் மடிந்து, சுருண்டு, இறுகி நிற்கிறது. குருதியில் உயிர்வளியைச் சுமக்கும் ஹீமோகுளோபினும், உண்ட உணவைச் செரிக்க வைக்கும் நொதிகளும் தத்தம் மடிப்பின் வலிமையாலேயே தொழில் புரிகின்றன. மடிப்பு கெட்டால் தொழிலும் கெடும்.

அந்த மடிப்பை எப்படிக் காண்பது? புரதத்தைப் படிகமாக வளர்த்து, அதன்மேல் எக்ஸ் கதிரைப் பாய்ச்சுகிறார்கள். சிதறி விழும் ஆயிரமாயிரம் புள்ளிகளின் செறிவை அளந்து கணக்கிட்டால், எலக்ட்ரான்கள் எங்கே அடர்ந்துள்ளன என்று காட்டும் வரைபடம் ஒன்று கிடைக்கிறது. திரையில் அது நீல நிற வலைபோலத் தோன்றும். அந்த வலைக்குள் அமினோ அமில மாலையைச் சரியாக நுழைத்து அமர்த்த வேண்டும். வரைபடம் தெளிவாக இருந்தால் வேலை எளிது. பெரும்பாலும் அது மார்கழிப் பனியில் தெரியும் தெருவைப் போல் இருக்கும். வீடுகள் தெரியும், எவருடைய வீடு என்பது தெரியாது.

கணிப்பொறித் திரை வருவதற்கு முன் இந்த வேலையை உண்மையான கம்பிகளைக் கொண்டே செய்தார்கள். கேம்பிரிட்ஜில் ஜான் கெண்ட்ரூ 1960-இல் மயோகுளோபின் புரதத்தின் உருவைக் கண்டபோது, ஏறத்தாழ 2500 செங்குத்துக் கம்பிகளை நட்டு, அடர்த்தி மிகுந்த இடங்களில் வண்ணக் கிளிப்புகளை மாட்டி, அந்தக் கம்பிக்காட்டுக்கு நடுவே மாதிரியைக் கட்டினார். ஓர் ஆங்ஸ்ட்ராம், அதாவது ஒரு மில்லிமீட்டரில் கோடியில் ஒரு பங்கு, அங்கே ஐந்து சென்டிமீட்டராக விரிந்து நின்றது. 1962-இல் அவருக்கும் மாக்ஸ் பெருட்ஸுக்கும் நோபல் பரிசு கிடைத்தது. 1968-இல் அமெரிக்காவின் யேல் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த பிரெடரிக் ரிச்சர்ட்ஸ் என்பவர், பாதி ஒளியை விடுத்துப் பாதியைத் திருப்பும் கண்ணாடி ஒன்றை நிறுத்தி, வரைபடமும் பித்தளை மாதிரியும் ஒன்றன்மேல் ஒன்றாகத் தெரியுமாறு செய்தார். அதற்கும் முன்பே, 1966-இல், மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தில் சைரஸ் லெவிந்தால் கணிப்பொறித் திரையில் புரதத்தைச் சுழற்றிக் காட்டியிருந்தார். சுழற்றுவதற்கு அவர் கையில் பிடித்தது ஒரு கோளம்போன்ற கருவி. கைக்கும் மூலக்கூறுக்கும் உள்ள உறவு அன்றே தொடங்கிவிட்டது.

நான் சென்னையில் முதுகலை முடித்து, ஆராய்ச்சி மாணவனாக இங்கிலாந்துக்குப் போனது 1989-இல். முதல் நாள் என் ஆசிரியர் என்னை ஓர் இருட்டறைக்குள் அழைத்துச் சென்றார். அங்கே அமெரிக்காவின் சால்ட் லேக் சிட்டியில் இவான்ஸ் அண்டு சதர்லண்டு நிறுவனத்தார் செய்த பி.எஸ். 300 என்னும் வரைகணிப்பொறி இருந்தது. கரிய திரையில் ஒளிக்கோடுகளால் ஆன புரதம் ஒன்று மிதந்துகொண்டிருந்தது. திரைக்குக் கீழே எட்டுக் குமிழ்கள். ஒவ்வொரு குமிழின் அருகிலும், அது என்ன செய்யும் என்பதைச் சிவந்த ஒளியெழுத்துகள் சொல்லிக்கொண்டிருந்தன. ஒன்றைத் திருகினால் புரதம் செங்குத்து அச்சில் சுழலும். மற்றொன்றைத் திருகினால் கிடை அச்சில். ஒன்று அருகே கொணரும். ஒன்று முன்னும் பின்னும் உள்ள திரளை மறைத்து நடுவே மெல்லிய ஓர் அடுக்கை மட்டும் காட்டும்.

“குமிழைப் பார்க்காதே, புரதத்தைப் பார்” என்றார் ஆசிரியர். அவரிடம் நான் கற்ற முதற்பாடம் அதுவே.

அந்தப் பாடம் கைவரச் சில வாரங்கள் பிடித்தன. அதன்பின் நான் பூக்கட்டுபவரைப் போலானேன். இடக்கை காட்சியைச் சுழற்றிக்கொண்டேயிருக்கும். வலக்கை மாலையின் ஒரு கணுவைத் திருப்பும். கண் திரையைவிட்டு அகலாது. இதில் ஒரு நுட்பம் உண்டு. திரை தட்டையானது, ஆழம் அற்றது. ஆனால் படம் இடைவிடாமல் சுழன்றுகொண்டிருந்தால், முன்னிருப்பது எது, பின்னிருப்பது எது என்று கண் தானே உணர்ந்துகொள்கிறது. சுழற்சி நின்ற கணமே ஆழமும் மறைந்துவிடும். ஆகவே சுழற்றுவதும் திருத்துவதும் ஒருசேர நடக்க வேண்டும். அதற்கு இரண்டு கைகளுக்கும் தனித்தனி வேலை வேண்டும். குமிழ்ப் பெட்டி அதைத் தந்தது. சுட்டெலியால் அது இயலாது. சுட்டெலி ஒரு நேரத்தில் ஒரு வேலையையே செய்யும். திருத்துவதற்குச் சுழற்சியை விட வேண்டும், சுழற்றுவதற்குத் திருத்தத்தை விட வேண்டும்.

அன்று நாங்கள் பயன்படுத்திய மென்பொருள், ஆல்வின் ஜோன்ஸ் என்னும் அறிவியலாளர் 1978-இல் வெளியிட்ட ஃபுரோடோ. பின்னர் அவரும் துணைவர்களும் 1991-இல் ‘ஓ’ என்னும் ஓரெழுத்துப் பெயருடைய மென்பொருளை வெளியிட்டனர். எங்கள் ஆய்வகமும் பி.எஸ். 300-ஐ விடுத்துச் சிலிக்கான் கிராபிக்ஸ் நிறுவனத்தின் பணிக்கணிப்பொறிக்கு மாறியது. அதனுடன் வந்ததுதான் நான் சொல்லும் பெட்டி. இரண்டு நிரலாக நான்கு நான்கு குமிழ்கள். எந்தப் பக்கமும் முடிவின்றிச் சுழலும் அவை. மேசையில் வைத்தால் நகராத கனம்.

இனி, என் பிழைக்கு வருகிறேன்.

புரத மாலையின் ஒவ்வொரு மணியிலும் திரும்பக்கூடிய கணுக்கள் இரண்டு உண்டு. அவற்றின் கோணங்களைப் ‘ஃபை’, ‘ப்சை’ என்னும் கிரேக்க எழுத்துகளால் குறிப்பர். இவ்விரு கோணங்களும் எப்படி வேண்டுமானாலும் அமையலாமா என்ற கேள்விக்குச் சென்னைப் பல்கலைக்கழகத்தில்தான் விடை கிடைத்தது. ஜி. என். இராமச்சந்திரன், இராமகிருஷ்ணன், சசிசேகரன் ஆகிய மூவரும் 1963-இல் வெளியிட்ட கட்டுரையில், அணுக்கள் ஒன்றோடொன்று முட்டிக்கொள்ளாமல் இருக்க வேண்டுமானால் எந்தக் கோணங்கள் பொருந்தும், எவை பொருந்தா என்று ஒரு படமாக வரைந்து காட்டினர். அணுக்களின் பருமனையும் பிணைப்பின் நீளத்தையும் மட்டும் கொண்டு செய்த கணக்கு அது. இன்று உலகில் எந்த ஆய்வகத்தில் புரத உருவம் கண்டாலும், அதை இராமச்சந்திரன் படத்தில் இட்டுப் பார்த்த பின்பே ஏற்றுக்கொள்கிறார்கள். கிளைசின் என்னும் மிகச்சிறிய அமினோ அமிலத்துக்கு மட்டும் அந்தப் படத்தில் சலுகை அதிகம். பக்கக்கிளை இல்லாத காரணத்தால், மற்றவை போக முடியாத இடங்களுக்கும் அது போகும்.

இதையெல்லாம் சென்னையிலேயே படித்தவன் நான். அங்கிருந்து வந்தவன் என்பதில் எனக்குச் சற்றுப் பெருமையும் இருந்தது.

1992-இல் என் ஆய்வேட்டுக்குரிய நொதியின் உருவை முடிக்கும் நிலையில் இருந்தேன். வரைபடத்தின் தெளிவு 2.6 ஆங்ஸ்ட்ராம் அளவே. பெரும்பகுதி நன்றாக அமர்ந்துவிட்டது. புறப்பரப்பில் ஒன்பது அமினோ அமிலங்கள் கொண்ட ஒரு வளைவு மட்டும் படிய மறுத்தது. இரவு பகலாகக் குமிழ்களைத் திருகி, எப்படியோ அதை வலைக்குள் புகுத்தினேன். அதில் இரண்டு குறைகள் எஞ்சின. ஒன்று, வளைவின் திருப்பத்தில் இருந்த அஸ்பராஜின், இராமச்சந்திரன் படத்தின் விலக்கப்பட்ட பகுதியில் போய் விழுந்தது. ஃபை ஏறத்தாழ 60 பாகை, ப்சை எதிர்க்குறியில் 130 பாகை. மற்றொன்று, டிரிப்டோபேன் என்னும் பெரிய அமினோ அமிலத்தின் பக்கக்கிளைக்கு வரைபடத்தில் தடயமே இல்லை.

ஆசிரியர் இரண்டையும் பார்த்தார். “இந்த வளைவில் நீ ஒரு மணி தள்ளிக் கோத்திருக்கிறாய் என்று எனக்குத் தோன்றுகிறது. மீண்டும் கட்டிப் பார்” என்றார். கார்ல் பிராண்டனும் ஆல்வின் ஜோன்ஸும் 1990-இல் ‘நேச்சர்’ இதழில் எழுதிய கட்டுரை ஒன்றின் படியையும் என் மேசைமேல் வைத்தார். தெளிவு குறைந்த வரைபடத்தில் மனிதன் தான் காண விரும்புவதையே காண்கிறான், அதனால் புரத உருவங்களில் பிழைகள் புகுகின்றன என்னும் எச்சரிக்கை அந்தக் கட்டுரையில் இருந்தது.

எனக்குச் சினம் வந்தது. மூன்று ஆண்டு உழைப்பு. உதவித்தொகை முடியப் போகிறது. ஊரில் தங்கையின் திருமணம் நிச்சயமாகியிருந்தது. இவை அனைத்தும் உண்மையே. ஆனால் இவற்றுள் எதுவும் ஒரு டிரிப்டோபேன் எங்கே இருக்கிறது என்பதை முடிவு செய்யாது. அதை நான் அன்று ஏற்கவில்லை. “பக்கக்கிளை வெளியே நீருக்குள் நீண்டு அசைவதால் தெரியவில்லை. அஸ்பராஜின் சில வேளை விலக்கப்பட்ட கோணத்திலும் காணப்படுவதுண்டு” என்று விளக்கம் சொன்னேன். இரண்டு விளக்கங்களும் பொதுவாகப் பார்த்தால் பொய்யல்ல. அதுவே அவற்றின் தீமை. முழுப்பொய்யைக் கண்டு மனம் கூசும். பொருத்தமான மெய்யைப் பொருந்தாத இடத்தில் வைப்பதற்கு அது கூசுவதில்லை.

பல நாள் வாதத்துக்குப் பின் ஆசிரியர் ஒன்றும் பேசாமல் கையொப்பமிட்டார். கட்டுரை வெளிவந்தது. உருவம் புரதத் தரவு வங்கியில் சேர்ந்தது. எனக்குப் பட்டமும் கிடைத்தது. அதன்பின் எங்களுக்குள் மரியாதை இருந்தது; பழைய நெருக்கம் இல்லை. நான் அதே நாட்டில் வேறோர் ஊரில் வேலைக்குச் சேர்ந்தேன். ஆய்வகம் புதுக் கருவிகளுக்கு மாறியபோது கழித்துக் கட்டிய பொருள்களுள் குமிழ்ப் பெட்டியும் ஒன்று. “வேண்டுமானால் எடுத்துக்கொள்” என்றார்கள், எடுத்துக்கொண்டேன்.

குமிழ்களின் காலம் மெல்ல முடிந்தது. கணினி விளையாட்டுகளுக்காகச் செய்யப்பட்ட மலிவான வரைகலை அட்டைகள், விலைமிகுந்த பணிக்கணிப்பொறிகளின் வேலையைச் செய்யத் தொடங்கின. 2004-இல் பால் எம்ஸ்லியும் கெவின் கவுட்டனும் கூட் என்னும் மென்பொருளை அறிமுகப்படுத்தினர். கூட் என்பது நாமக்கோழிக்கு ஆங்கிலத்தில் வழங்கும் பெயர். அதில் ஒரு பகுதியைச் சுட்டிக்காட்டினால் போதும். கணினியே அதை வரைபடத்துக்குள் இழுத்து அமர்த்திவிடும். ஒவ்வொரு கணுவாகக் கையால் திருப்பும் தேவை பெரிதும் குறைந்தது. சிலிக்கான் கிராபிக்ஸ் நிறுவனம் 2009-இல் திவால் நிலைக்குப் போய் விற்கப்பட்டது. நானும் சுட்டெலிக்குப் பழகினேன். பெட்டி அலமாரியின் மேல்தட்டில் கிடந்தது.

2022-ஆம் ஆண்டில் என்னிடம் பயின்ற மாணவி ஒருத்தி, ஆல்ஃபாஃபோல்டு கணித்த உருவங்களை, ஆய்வில் கண்ட உருவங்களோடு ஒப்பிட்டுக்கொண்டிருந்தாள். டீப்மைண்ட் நிறுவனத்தின் அந்தச் செயற்கை நுண்ணறிவு, அமினோ அமில வரிசையை மட்டும் கொண்டு மடிப்பைக் கணித்துச் சொல்லும் ஆற்றல் உடையது. அதை உருவாக்கிய டெமிஸ் ஹசாபிஸ், ஜான் ஜம்பர் இருவரும் 2024-இன் வேதியியல் நோபல் பரிசில் பங்கு பெற்றனர். புரதத் தரவு வங்கி 1971-இல் தொடங்கியபோது அதில் இருந்தவை ஏழே உருவங்கள். இன்று இரண்டு இலட்சத்துக்கும் மேல். அந்தச் சேமிப்பே ஆல்ஃபாஃபோல்டுக்குப் பாடப்புத்தகம். என் 1992-ஆம் ஆண்டுப் பதிவும் அந்தப் புத்தகத்தில் ஒரு பக்கம்.

மாணவி என் அறைக்கு வந்து, தயங்கித் தயங்கிக் கேட்டாள்: “உங்கள் பழைய நொதி முழுவதும் கணிப்போடு பொருந்துகிறது. ஒரு வளைவில் மட்டும் ஒன்பது அமினோ அமிலங்கள் ஒரு மணி தள்ளி இருக்கின்றன. இரண்டில் எது தவறு?”

பார்த்த உடனே எனக்குத் தெரிந்துவிட்டது. முப்பது ஆண்டுகளாகத் தெரிந்தே இருந்தது என்பதும் அப்போது தெரிந்தது.

கணிப்பைக் கொண்டு பழைய பதிவைத் திருத்திவிடலாமே என்று நீங்கள் கேட்கலாம். அது முறையன்று. கணிப்பு, காட்சியாகாது. பொறி சொன்னதால் ஏற்பது, அன்று என் விருப்பம் சொன்னதால் ஏற்றதைப் போன்றதே. 1992-இல் அளந்த தரவுகளை நாடாவிலிருந்து வட்டுக்கும், வட்டிலிருந்து புது வட்டுக்குமாக மாற்றி மாற்றிக் காத்து வைத்திருந்தேன். அந்த வரைபடத்தின் முன் மீண்டும் உட்கார்ந்து, கண்ணால் பார்த்தே முடிவு செய்ய வேண்டும். தனியாக அன்று. அன்று “மீண்டும் கட்டிப் பார்” என்றவரோடு உட்கார வேண்டும் என்று என் மனம் சொல்லியது.

தொலைபேசியில் அழைத்தேன். ஆசிரியருக்கு அப்போது எண்பத்து நான்கு வயது. நான் சொன்னதைக் கேட்டுவிட்டுச் சற்று நேரம் அமைதியாயிருந்தார். பிறகு, “வா. ஆனால் நான் பார்க்கத்தான் முடியும். கைநடுக்கம் வந்து சில ஆண்டுகள் ஆகின்றன. சுட்டெலியைத் தொட்டால் ஒருமுறை அழுத்துவது மூன்று முறையாகிறது. கணினியை விட்டே விட்டேன்” என்றார்.

அன்றிரவு மேல்தட்டிலிருந்து பெட்டியை இறக்கினேன்.

பழைய பொருளைப் புதிய பொருளோடு பேச வைப்பது, இரு வேறு மொழிக்காரருக்கிடையே நின்று பேச்சை மாற்றிச் சொல்வது போன்றது. பெட்டியின் இணைப்பான் இன்றைய கணினி எதிலும் பொருந்தாதது. எங்கள் மின்பணியாளர் ஒருவர் புது வடம் ஒன்றைப் பற்றவைத்துத் தந்தார். தொடர்துறையை யு.எஸ்.பி. துறையாக மாற்றும் சிறு கருவி கடையில் கிடைத்தது. பெட்டியின் மொழி மிக எளியது. நொடிக்கு 9600 பிட் வேகத்தில், ஒரு குமிழ் அசையும் ஒவ்வொரு முறையும் மூன்றே பைட்டுகளை அது அனுப்புகிறது. முதலாவது, எந்தக் குமிழ் என்று சொல்லும். அடுத்த இரண்டும், எவ்வளவு என்று சொல்லும். அதைக் கேட்டுக் கூட் மென்பொருளுக்குரிய கட்டளையாக மாற்றும் நிரலைப் பைத்தான் மொழியில் எழுதினேன். நூறு வரிகூட இல்லை.

முதன்முறை இயக்கியபோது, குமிழை மயிரிழை அசைத்தாலும் புரதம் பம்பரமாய்ச் சுழன்றது. இரண்டு பைட்டுகளின் வரிசையை நான் மாற்றிப் படித்துவிட்டேன்; ஒன்று என்பது 256 ஆகிவிட்டது. ஒரு மணி தள்ளிக் கோத்தவன் ஒரு பைட்டும் தள்ளிப் படித்தான் என்று எண்ணிச் சிரித்துக்கொண்டேன். அதைத் திருத்தியபின் இடப்பக்க நான்கு குமிழ்களுக்குக் காட்சியைக் கொடுத்தேன்: இரு சுழற்சிகள், அணுகல், அடுக்கின் தடிமன். வலப்பக்க நான்குக்கு மாலையைக் கொடுத்தேன்: ஃபை, ப்சை, பக்கக்கிளையின் கோணம், மணியிலிருந்து மணிக்கு நடப்பது. இடக்கையை வைத்தேன். முப்பது ஆண்டு இடைவெளி விரல்களுக்குத் தெரியவில்லை.

இப்படிப்பட்ட பெட்டி கிடைக்காதவர்கள், இசைப்பதிவில் பயன்படும் குமிழ்ப்பலகைகளை வாங்கி இதே வேலையைச் செய்துகொள்ளலாம். வேண்டியது பழைமையன்று, கைக்கு ஓரிடம், கண்ணுக்கு ஓரிடம் என்னும் பிரிவே.

ஆசிரியரின் வீட்டுச் சாப்பாட்டு மேசையில் கணினியையும் பெட்டியையும் வைத்தேன். அவர் கை நடுங்கிக்கொண்டே குமிழை நாடியது. பற்றியதும் ஒன்றைக் கவனித்தேன். பெட்டியின் கனத்தில் உள்ளங்கை ஊன்றி நின்றது. நடுக்கம் குமிழையும் முன்னும் பின்னும் அசைத்தது. ஆனால் முன்னே சென்ற அளவே பின்னே வந்ததால் ஒன்றையொன்று ஈடுசெய்துகொண்டது. அவர் மனம் விரும்பிய திருப்பம் மட்டும் எஞ்சியது. நிரலில் ஒரு வரியை மாற்றிக் குமிழின் வேகத்தை நான்கில் ஒரு பங்காக்கினேன். திரையில் புரதம் அமைதியாகச் சுழன்றது. அவர் குமிழைப் பார்க்கவில்லை, புரதத்தைப் பார்த்தார்.

வளைவை வெட்டி எடுத்துவிட்டு அதன் தொடக்கத்திலிருந்து கட்டினோம். அவர் காட்சியைச் சுழற்ற, நான் கணுவைத் திருப்பினேன். பிறகு நான் சுழற்ற, அவர் திருப்பினார். மூன்றாவது மணியில், அன்று நான் நேராக விட்ட இடத்தில் வரைபடம் சற்றுப் புடைத்திருந்தது. ஒரு மணி கூடுதலாக அங்கே அமர்ந்தது. அதன்பின் ஒவ்வொன்றும் தன் இடத்தைத் தானே கண்டுகொண்டது. விலக்கப்பட்ட கோணத்தில் கிடந்த அஸ்பராஜின் நகர்ந்து சென்றது. அந்தத் திருப்பத்தில், அதே கோணத்தில், இப்போது வந்து நின்றது கிளைசின். எவருக்கும் ஆகாத இடத்துக்கும் போகும் உரிமை பெற்ற அதே கிளைசின். அடுத்து டிரிப்டோபேன். அன்று நான் சிறியதொரு லூசினையும் சில நீர் மூலக்கூறுகளையும் இட்டு நிரப்பியிருந்த அகன்ற அடர்த்திக்குள், உறைக்குள் கத்தி நுழைவதுபோல் அது நுழைந்தது.

இராமச்சந்திரன் படம் அன்றே என்னிடம் சொல்லிக்கொண்டிருந்தது. சென்னையில் வரைந்த படம், சென்னையிலிருந்து போனவனிடம், இங்கே வேறொருவர் இருக்க வேண்டும் என்று சொல்லியது. நான் காதில் வாங்கவில்லை.

மன்னிப்புக் கேட்டேன். நெடுநாள் ஒத்திகை பார்த்த சொற்கள் எவையும் வரவில்லை. “நீங்கள் சொன்னது சரி, நான் கேட்கவில்லை” என்பது மட்டுமே வந்தது.

அவர் குமிழிலிருந்து கையை எடுக்கவில்லை. “நான் கையொப்பமிட்டேனே, அது யார் பிழை?” என்று கேட்டார். “உன்னோடு வாதாடிச் சலித்துவிட்டேன். நீ ஊருக்குப் போகும் அவசரத்தில் இருந்தாய். இரங்குவதாக நினைத்துக்கொண்டேன். உண்மையில் எனக்கும் அது முடிந்தால் போதும் என்று இருந்தது. உன் பிழையில் பாதி என் பெயரில் இருக்கிறது.” சிறிது நேரம் கழித்து, “இந்தப் பக்கக்கிளையை இன்னும் பத்துப் பாகை திருப்பினால் நன்றாயிருக்கும்” என்றார். திருப்பினோம். நன்றாகவே இருந்தது.

அடுத்த சில வாரங்களில் முழு உருவத்தையும் மீண்டும் செம்மை செய்தேன். செம்மையாக்கலில் சேர்க்காமல் ஒதுக்கி வைத்த தரவுகளைக் கொண்டு உருவத்தைச் சோதிக்கும் முறையை ஆக்செல் புருங்கர் 1992-இல் வெளியிட்டார். நான் வாதாடிக்கொண்டிருந்த அதே ஆண்டு. அந்தச் சோதனையிலும் புது உருவமே பழையதைவிட நன்றாகத் தேறியது. இருவர் பெயரிலும், மாணவியின் பெயரையும் சேர்த்து, திருத்திய உருவத்தைத் தரவு வங்கியில் இட்டோம்.

வங்கியில் ஒரு வழக்கம் உண்டு. திருத்தம் வந்ததும் பழைய பதிவை அவர்கள் அழித்துவிடுவதில்லை. விலக்கப்பட்டவற்றின் வரிசையில் அதை வைத்து, அதற்குப் பதிலாக வந்தது எது என்று குறித்துவைக்கிறார்கள். தேடி வருபவர் பழையதைக் காணலாம்; அங்கிருந்து புதியதற்கும் போகலாம். என் பிழை இன்றும் அங்கே இருக்கிறது. அது இல்லாமற்போக வேண்டும் என்றே முப்பது ஆண்டுகள் விரும்பினேன். இப்போது அவ்வாறு விரும்பவில்லை. மறைந்த பிழை எவருக்கும் உதவாது; சரியானதைச் சுட்டிக்கொண்டு நிற்கும் பிழை ஒரு கைகாட்டிப் பலகையாகிறது.

குமிழ்ப் பெட்டியை நான் திரும்பக் கொண்டுவரவில்லை. அது ஆசிரியரின் சாப்பாட்டு மேசையிலேயே இருக்கிறது. என் மாணவர்கள் தாங்கள் கட்டிய உருவங்களை அவருக்கு அனுப்புகிறார்கள். கைநடுக்கம் குறைந்தபாடில்லை, நாளொன்றுக்கு ஒரு மணி நேரம்தான் உட்கார முடிகிறது. அந்த ஒரு மணி நேரத்தில் அவர் வளைவு வளைவாக நடந்துபோய்ப் பார்க்கிறார். சந்தேகம் வந்தால் ஒரே வரியில் எழுதுகிறார்: “மீண்டும் கட்டிப் பார்.”

அந்த வரி வரும்போது மாணவர்களின் முகம் வாடுவதைக் காண்கிறேன். உதவித்தொகை முடியப் போகிறது, வீட்டில் ஏதோ ஒன்று காத்திருக்கிறது, எல்லாம் உண்மையே. அவர்களைக் கடிந்துகொள்ள எனக்குத் தகுதியில்லை. அருகில் ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு, “வா, சேர்ந்தே பார்ப்போம்” என்று மட்டும் சொல்கிறேன்.